வாசல்வரை போய்வந்த வேலை

கடலூரில் நான் தைக்கப் போன கம்பெனியில் ஒரு மாதம் ஆர்டரே இல்லாமல் போனது. சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிட்டு, "வேலை இல்லம்மா. வேலை வர்ற வரைக்கும் சம்பளமும் கிடையாது. ஆர்டர் வந்தா போன் பண்றேன், வீணா பஸ் ஏறி வராதீங்க" என்றார். எவ்வளவு அக்கறை!

பக்கத்து மெஷின் அக்கா அதை நம்பவில்லை. தொழிலாளர் அலுவலகத்துக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "வேலை இல்லன்னு அனுப்புனா நமக்குப் பாதிச் சம்பளம் தரணுமாம்டி. ஆனா தினமும் நேரத்துக்கு வந்து நிக்கணும். வராத நாளுக்கு ஒண்ணும் கிடையாது. அதான் அந்தாளு வராதீங்கன்றாரு!"

மறுநாள் என் ஊரான சிதம்பரத்திலிருந்து முதல் பஸ் பிடித்தேன். எட்டு மணிக்கு அறுபது பெண்களும் யூனிஃபார்மோடு வாசலில் நின்றோம். வருகை ரெஜிஸ்டர் தர மாட்டோம் என்றார்கள் ஆபீஸில். நாங்களே ஒரு நோட்டு வாங்கி, வாட்ச்மேனைச் சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டோம். எட்டரைக்கு அன்றைய வேலை முடிந்தது! அங்கிருந்து நேராக தேவனாம்பட்டினம் கடற்கரை. முழங்கால்வரை நனைந்து, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளைகளைப் போல ஆடினோம். சட்டம் இவ்வளவு குஷியானது என்று யாருமே எனக்குச் சொன்னதில்லை.

பத்தாம் நாள் நிர்வாகம் இறங்கிவந்து, பாதிச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு, ரெஜிஸ்டரையும் வாசலில் வைத்தது. அதே கையோடு, ஆர்டர் வரும்வரை வேலை இல்லை என்று சூப்பர்வைசரையும் வீட்டுக்கு அனுப்பியது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் வரிசையின் கடைசியில் அவர் நின்றிருந்தார். "பேனா இருக்காம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா பேனாவை நீட்டினார். "வீணா பஸ் ஏறி வந்துட்டீங்களே சார்!"