மத்தியானம் மட்டும் வெட்டும் ஸ்டீயரிங்

அன்று மலாக்கா காஜா பேராங்கில், ரம்புத்தான் மரத்தடியில் இருந்தவர்கள் மூன்றே பேர். வண்டி ரிப்பேர் செய்யும் அபாங் மணியம்; அபாங் என்றால் மலாயில் அண்ணன். முதலாளியின் கணக்குப்பிள்ளை, கிராணி சாமிநாதன். வேன் டிரைவர் நான். அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆள் எண்ணுகிறேன்? போன வாரம் பத்து பெரெண்டாமில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் ஒருவர், "ஜப்பான்காரன் காலத்துல அந்த வேனைச் சரி பண்ணப்ப நானும் பக்கத்துல இருந்தேனே!" என்று அளந்துகொண்டிருந்தார். இல்லை ஐயா, நீங்கள் இல்லை. இருந்திருந்தால் உங்களையும் பம்பரில் ஏற்றிக் குதிக்கவிட்டிருப்பார்கள்.

நான் பயந்த சுபாவம் என்பது உங்களுக்குத் தெரியும். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம்.

அப்போது என் மனைவி பாக்கியம் தம்பின் டவுனுக்கு அப்பால், ஒரு எஸ்டேட்டில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். பிரசவத்துக்காக ரயில் ஏற்றி அனுப்பியதே நான்தான். பிறகு ஜப்பான்காரன் மலாக்கா – தம்பின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். மகள் பிறந்த செய்தி வந்தது, மகள் வரவில்லை. சாயங்காலமானால், தண்டவாளம் கிடந்த செம்மண் தடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ரயில் தாமதமானால் காத்திருக்கலாம்... பாதையே போய்விட்டால்?

கடைசியில் முதலாளிக்கு, வேனில் தம்பின் போய்வர ஜப்பான்காரனிடம் ஒரு நாள் பாஸ் கிடைத்தது. உப்புமீன் இறக்கிவிட்டு மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வரவேண்டும். "வரும்போது உன் குடும்பத்தையும் முன் சீட்டுல ஏத்திக்கோ" என்றார். மறுநாளே பயணம்.

வேன்தான் சரியில்லை. பழைய ரொட்டி வேன்; பெட்ரோல் இல்லாததால், பின்னால் கரி அடுப்பு பூட்டி அந்த வாயுவில் ஓட்டினோம். மேட்டில் ஏறி இறங்கினால் ஸ்டீயரிங் தானாக இடப்பக்கம் வெட்டும். ஆனால், ரிப்பேருக்கென்று காலையில் கொண்டுபோனால் சமர்த்தாக ஓடும்.

"வேன்ல ஒண்ணும் இல்லப்பா. டிரைவருக்குத்தான் ஒரு நட்டு லூசு" என்றார் கிராணி. "பயமா இருந்தா சொல்லு, நாளைக்கு வேற ஆளை அனுப்பிடுறேன்."

என்ன சொல்ல? கோளாறு இருக்கிறது என்றால் பயணம் போச்சு. இல்லை என்றால், கைக்குழந்தைக்காரியை அந்த வேனில் உட்காரவைக்க வேண்டும்.

அபாங் மணியம் கம்போங் செட்டிக்காரர், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிய தமிழ் வம்சம். வீட்டில் மலாய்தான், எனக்காக நடுநடுவே தமிழைக் கோத்துக்கொள்வார்.

"எப்ப வெட்டுது தம்பி? பாகி?"

"காலையில இல்ல அபாங். மத்தியானம் திரும்பி வர்றப்பதான்."

"அப்ப ஏன் பாகியில கொண்டாந்து காட்டுற? வெயில்ல போடு!"

உச்சிவெயில் வரை போட்டோம். பிறகு ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். மதகு மேட்டில் ஸ்டீயரிங் வெட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம்!

திரும்பியதும் வண்டிக்கடியில் புகுந்தார். "ரெண்டு பேரும் பம்பர்ல ஏறிக் குதிங்க!"

நான் குதித்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிராணியும் குதித்தார்.

"கிராணி, சோறு தின்ன ஆள் மாதிரி குதிங்க!"

"சோத்தைக் கண்ணுல பாத்து எத்தனை நாளாச்சு? கிழங்கு தின்னவன் இப்படித்தான்யா குதிப்பான்!"

அடியிலிருந்து சிரிப்புச் சத்தம். "கிடைச்சிருச்சு. சாயா புன்யா சாலா... என் தப்புதான் தம்பி!"

முன்பக்க இடது ஸ்பிரிங் பட்டையின் துளைக்குள் புஷ் என்று ஒரு வளையம் இருக்கும். பழையது தேய்ந்தபோது புதுசுக்கு எங்கே போவது? எஸ்டேட் ரப்பர் ஷீட்டைச் சுருட்டி அவரே செருகியிருந்தார். அரிசி இல்லாத, துணி இல்லாத அந்தக் காலத்தில் ரப்பர் மட்டும் ஏராளம். எது உடைந்தாலும் ரப்பர் ஷீட்தான் வைத்தியம். ஆனால் அது பதப்படுத்தாத பச்சை ரப்பர். காலைக் குளிரில் இறுகி நிற்கும், வெயில் ஏறினால் களிபோல் இளகிவிடும். மேட்டில் ஏறி இறங்கும்போது ஸ்பிரிங் நகர, இடது வீலும் கூடவே திரும்பும்.

"டயர் ரப்பர்னா இளகாது" என்று சுற்றிலும் தேடினார். டயர்த் துண்டுக்கு எங்கே போவது? கடைசியில் தன் காலைப் பார்த்தார். டயர் செருப்பு! கழற்றிக் கத்தியை வைத்துவிட்டார்.

"ஐயோ, இந்த வெயில்ல எப்படி நடப்பீங்க?" என்றார் கிராணி.

"நடக்கறதா? ஓடணும்!"

மறுநாள் எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் பாக்கியம் நின்றாள். மகள் என்னைப் பார்த்து அழுதாள். நான் மகளைப் பார்த்து அழுதேன். திரும்பும்போது நல்ல வெயில். மேட்டுக்கு மேடு மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டீயரிங் அசையவே இல்லை.

"ஏங்க, மாட்டுவண்டியே முந்திக்கிட்டுப் போகுது?" என்றாள் பாக்கியம். மெதுவாகப் போனதற்குப் பயம் மட்டும் காரணமில்லை. அதை அவளிடம் சொன்னதில்லை.

அவள் போய் மூன்று வருஷமாகிறது. இப்போது தம்பின் சாலை வழவழவென்று கிடக்கிறது. மெதுவாக ஓட்ட ஒரு மேடும் இல்லை. ஏன் மெதுவாக என்று கேட்கப் பக்கத்துச் சீட்டில் ஆளும் இல்லை.

அபாங் மணியம் கூலி வாங்கவில்லை, தப்பு தன்னுடையதாம். செருப்புக்கு மட்டும் விலை சொன்னார். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை நீட்டினேன். "இது வேணாம் தம்பி. நல்ல காசு வரட்டும்." ஜப்பான்காரன் போய் நல்ல காசு வந்தது, அதற்குள் அவர் சிங்கப்பூருக்குக் குடிபோயிருந்தார்.

அவருக்கு இன்னும் பாக்கி, நல்ல காசில், இரண்டு வெள்ளி.