ஐஸ் பெட்டியின் சூடு

எங்கள் தெருவில் முதன்முதலாகக் குளிர்சாதன வசதியை அனுபவித்தவர் என் தாத்தா. அப்போது அவர் இறந்து சில மணி நேரம் ஆகியிருந்தது.

கீழ்வேளூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் மூன்றாம் வகுப்பு. வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. எனக்குத் தெரிந்த குளிர்ந்த பொருட்கள் மொத்தம் மூன்று: குச்சி ஐஸ், மார்கழி மாத வாய்க்கால் தண்ணீர், பல்லி. அன்று காலை தாத்தாவின் கையை நான்காவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

கொள்ளி வைக்க வேண்டியவர் மூத்த மகனான பெரியப்பா. அவர் குவைத்தில் இருந்தார். அங்கே அவருக்கு 'மெஷின் வேலை' என்று வீட்டில் சொல்வார்கள். என்ன மெஷின் என்று யாரும் கேட்டதில்லை. அப்பா எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவரோடு பேசிவிட்டு வந்தார். முதலாளியிடம் இருக்கும் பாஸ்போர்ட்டை வாங்க வேண்டும், கொழும்பு வழியாகத் திருச்சிக்கு வர வேண்டும், மூன்றாம் நாள் காலை ஆகிவிடும். பெரியப்பா ஒன்றுதான் கேட்டாராம். "மொகத்த மட்டும் பாக்கணும்டா. அதுவரைக்கும் வச்சிருங்க." அப்பா அதை வந்தவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முன்பெல்லாம் இப்படி நேர்ந்தால் நாகப்பட்டினத்திலிருந்து மீனுக்குப் போடும் ஐஸ் கட்டிகளை வாங்கி வந்து சுற்றி அடுக்குவார்கள். அது ஒரு பொழுதைத்தான் தாங்கும். வெளிநாட்டில் பிள்ளை இல்லாத தெருவே இல்லை என்று ஆனபிறகு, திருவாரூரில் ஒருவர் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தார். அந்தப் பெட்டி வேனில் வந்து இறங்கியது. தாத்தாவைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் பெட்டியையும் சுற்றிவந்து பார்த்தார்கள். பெயர்தான் ஐஸ் பெட்டி. உள்ளே ஒரு துண்டு ஐஸ் கூட இல்லை. மேலே கண்ணாடி மூடி. காலடிப் பக்கம் ஒரு தகரக் கூண்டு, அதற்குள் மோட்டார். கூண்டில் சல்லடை போல ஓட்டைகள். பக்கவாட்டில் சிவப்பாக எரியும் ஓர் எண்.

"சார், இந்தப் பக்கம் காத்து போகணும். அடைச்சிடாம பாத்துக்குங்க" என்று கொண்டுவந்தவர் அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையாட்டினார். அன்று அவர் பந்தல்காரர், பூக்காரர், சங்கு ஊதுபவர் என யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தலைமாட்டில் அத்தையும் மற்ற பெண்களும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்ததால் எனக்கு அங்கே இடமில்லை. காலடிக்குப் போய்த் தகரத்தின் மேல் கையை வைத்தேன். உள்ளே அவ்வளவு குளிர். ஓட்டைகளிலிருந்து வந்த காற்றோ சோறு வடிக்கும் பானையின் ஆவியைப் போல இருந்தது. திடுக்கிட்டுக் கையை இழுத்தேன். மறுபடி வைத்தேன். காற்று கொஞ்ச நேரம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. தாத்தா மூச்சு விடுகிறார். அழுதுகொண்டிருக்கும் பெரியவர்களிடம் போய் இதை எப்படிச் சொல்வது? அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் சுற்றுவட்டாரமே மாலையோடு வந்தது. இறந்தவரின் காலடியில் மாலையைச் சாத்தி, பாதத்தைத் தொட்டுக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பாதம் கண்ணாடிக்குள் இருந்தது. ஆகவே எல்லோரும் அந்தத் தகரக் கூண்டையே பாதமாக நினைத்துத் தொட்டுக் கும்பிட்டு, மாலையை அதன்மேல் சாத்தினார்கள். ரோஜா, சம்பங்கி, அதற்குமேல் சம்பந்தி வீட்டுக் கோடித் துணிகள். மதியத்துக்குள் கூண்டு கண்ணுக்கே தெரியவில்லை.

நான்கில் இருந்த சிவப்பு எண் ஒன்பதானது. பிறகு பதின்மூன்று. மோட்டார் சத்தம் நின்றுவிட்டது. அப்பா பூத்துக்கு ஓடினார். பெட்டிக்காரர் இன்னொரு சாவு வீட்டுக்குப் போயிருக்கிறாராம். பெரியப்பாவும் குவைத்தில் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். அவரிடமும் இனிப் பேச முடியாது.

"இனிமே தாங்காதுப்பா. சாயந்தரம் எடுத்துடுவோம். நீயே கொள்ளி வச்சிடு" என்றார் பங்காளிகளில் மூத்தவர்.

"அண்ணன் வந்து மொகம் எங்கன்னு கேட்டா நான் எதக் காட்டுவேன்?" என்று அத்தை அலறினாள். 

அவர்கள் பேசியது எனக்குப் பாதிதான் புரிந்தது. தாத்தா மூச்சு விடும் ஓட்டைகளை மாலைகள் அடைத்திருக்கின்றன என்பது முழுதாகப் புரிந்தது. எழுந்து மாலைகளைப் பிடுங்கி எறிய ஆரம்பித்தேன்.

பிணத்தின் மாலையைப் பிடுங்கும் பிள்ளையை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒப்பாரி அறுந்து நின்றது. வாசலில் பறை கூட ஓய்ந்தது. அத்தை ஓடிவந்து என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

"சனியனே! தாத்தாவுக்குப் போட்ட மாலைடி அது!"

"தாத்தாவுக்கு மூச்சு முட்டுது அத்தை!"

ஓங்கிய அடுத்த கை அந்தரத்தில் நின்றது. யாரோ ஒரு பெண் நிஜமாகவே கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தாள். அப்பா மட்டும் என்னையும் மாலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காத்து..." என்றார். "காத்து போகணும்னு சொன்னாரே!"

பாய்ந்து வந்து இரண்டு கைகளாலும் வாரி எறிந்தார். அவரைப் பார்த்துப் பங்காளிகளும் வாரினார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெட்டி ஒருமுறை குலுங்கி உறுமியது. சூடான காற்று என் முகத்தில் அடித்தது. பதினைந்துவரை போயிருந்த எண் மெல்ல இறங்கத் தொடங்கியது. அன்று சாயந்தரம் யாரும் எதையும் எடுக்கவில்லை.

பெரியப்பா மூன்றாம் நாள் காலையில் வந்தார். மூடியைத் திறக்கச் சொல்லி, தாத்தாவின் கன்னத்தைத் தொட்டார். தொட்ட கை நெருப்பில் பட்டதுபோலத் துள்ளியது.

"என்னடா... இப்புடி இருக்காரு?"

அவர் அழவில்லை. கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டே நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக் காலடிக்குக் கூட்டிவந்து ஓட்டைகளின் முன்னால் வைத்தேன்.

"இங்க வைங்க பெரியப்பா. தாத்தா சூடு இங்கதான் இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மண்டிபோட்டு உட்கார்ந்து, இன்னொரு கையையும் அங்கே வைத்தார். அதன்பிறகுதான் அழுதார்.

இன்று குளிர்பதனக் கிடங்குகளை வடிவமைப்பது என் வேலை. எந்தப் பெட்டியும் குளிரை உண்டாக்குவதில்லை என்பது அதன் முதல் பாடம். குழாய்க்குள் ஓடும் ஒரு திரவம் உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சி ஆவியாகும். மோட்டார் அந்த ஆவியை நெருக்கி வெளிப்பக்கக் குழாய்க்குத் தள்ளும். அங்கே அது சூட்டை இறக்கிவிட்டு, மறுபடி திரவமாகி உள்ளே திரும்பும். இறக்க வழியில்லை என்றால் பெட்டி தோற்றுப்போகும். தாத்தாவின் சூடு அந்த மூன்றாம் நாளுக்கு வெகு முன்பே வெளியேறித் தீர்ந்திருக்கும். அன்று காலை வந்துகொண்டிருந்தது மோட்டாரின் சூடும், வெளியிலிருந்து பெட்டிக்குள் கசிந்த சூடும்தான். பந்தலில் இறங்கிய வெயில், தலைமாட்டு விளக்கு, கண்ணாடியில் கன்னத்தை வைத்து அழுதவர்களின் உடம்பு.

இதைக் கல்லூரியில் படித்த வருடம்தான், பெரியப்பாவின் அந்த 'மெஷின் வேலை' என்னவென்று அம்மாவிடம் கேட்டேன். ஏ.சி. ரிப்பேர் என்றாள்.

அந்த ஓட்டைகளில் வருவது என்ன என்று அன்று எங்கள் வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் கையை எடுக்கவில்லை.