உறைக்குள் அறுந்த கம்பி

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் போகும் பஸ் ஒன்றில் கண்டக்டராக இருந்தேன். பெட்ரோல் கிடைக்காததால் பின்பக்கம் ஆள் உயர இரும்புப் பீப்பாய் ஒன்றைப் பொருத்தி, அதில் கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டியை ஓட்டிய காலம். பஸ் ஏற்கெனவே கிழம். டிரைவர் என் அக்காவின் புருஷன். நானும் அவரும் பேசிக்கொள்வதில்லை.

சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. பட்டணத்தில் குண்டு விழும் என்று ஜனங்கள் ஓடியபோது, அக்காவையும் இரண்டு வயதுப் பெண் குழந்தையையும் முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அங்கே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. முற்றிப்போனதும் பூந்தமல்லிக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்தது மறுநாள் காலையில். அதற்குள் குழந்தை இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. முழங்கை வரை கரியோடு வாசலில் நின்றார். ஏன் இவ்வளவு நேரம் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அக்கா எங்களோடு தங்கிவிட்டாள்.

பழைய கண்டக்டர் பட்டாளத்தில் சேர்ந்ததும் அந்த வேலை எனக்கு வந்தது. வேறு வேலை இல்லை, ஒப்புக்கொண்டேன். பேச வேண்டியதை விசில் பேசியது.

ஒரு நாள் மத்தியானம் திருமழிசை தாண்டி, இரண்டு பக்கமும் வயலாக இருந்த இடத்தில் வண்டி நின்றது. அந்த நாட்களில் பஸ் நின்றால் கரியின் மேல்தான் பழி. சாம்பலைக் கிளறினோம், வடிகட்டியைத் தட்டினோம், விசிறியைச் சுற்றினோம். ஜனங்கள் சிறிது நேரம் திட்டிவிட்டு மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்துபோனார்கள். நான் முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றி என் தோள் கழன்றுபோயிற்று. எஞ்சின் செருமக்கூட இல்லை.

அவர் சீட்டுக்கடியில் ஒளித்து வைத்திருந்த பாட்டிலிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஊற்றினார். சுற்றினேன். அதற்கும் அசையவில்லை. பெட்ரோலுக்கே கிளம்பாத வண்டிக்குக் கரி என்ன செய்யும்? அவர் ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, முனையை எஞ்சின் இரும்புக்கு மிக அருகே பிடித்துக்கொண்டு, வெளிச்சம் படாமல் துண்டால் மூடிக் குனிந்து பார்த்தார். மறுபடி சுற்றினேன். பொறி இல்லை.

பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. இருவருக்கும் அவசரப்பட உடம்பில் தெம்பு இல்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, ஒட்டிப் பிரியும் பாயிண்டைத் தீப்பெட்டியின் பக்கவாட்டில் கிழித்தெடுத்த தாளால் தேய்த்தார். பயனில்லை. என் பக்கம் கையை நீட்டி ஒரு டிக்கெட்டை வாங்கிப் பாயிண்டின் இடுக்கில் சொருகி, அது ஒட்டாமல் பிரித்து வைத்தார். உட்பக்கத்து விளக்கின் பல்பைக் கழற்றி, வயரோடு சேர்த்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தோம். மின்சாரத்தைப் பொறிக்கு ஏற்றபடி பெருக்கும் காயிலில், அது உள்ளே போகும் இடத்தில் பல்பு எரிந்தது. வெளியே வரும் இடத்திலும் மங்கலாக எரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் வெளி ஆணியிலும் எரிந்தது. அங்கிருந்து உள்ளே பாயிண்டுக்குப் போகும் விரல் நீளக் கம்பியின் கடைசியில் எரியவில்லை.

அந்தக் கம்பியைக் கையில் எடுத்து வளைத்தார். மேலே சுற்றியிருந்த நூல் உறை முழுசாகவே இருந்தது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. ஒரு பக்கம் வளைத்தால் முனைகள் தொட்டுக்கொண்டன, மறு பக்கம் வளைத்தால் விலகின.

அவர் சாலை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கும் இதே மாரி தான் நின்னுச்சு," என்றார்.

நான் கையிலிருந்த பல்பைக் கீழே வைத்தேன்.

"ஆள் வந்து சொன்னதுமே காலி வண்டிய எடுத்துகினு கெளம்பிட்டேன். பாதி வழியில நின்னுபூட்ச்சு. கரின்னு நெனச்சு விடிய விடிய நோண்டிகினு இருந்தேன். விடிஞ்சப்புறம் அதுவா கெளம்பிச்சு."

கம்பியை மறுபடி வளைத்துப் பார்த்தார்.

"நடந்திருந்தா வந்து சேந்திருப்பேன், மச்சான். இப்ப வந்துடும், இப்ப வந்துடும்னே போயிட்ச்சு."

நான் எழுந்தேன். அவர் கையிலிருந்த கம்பியை வாங்கிக்கொண்டு, "எழுந்துரு மாமா, வேற ஒயர் போடலாம்," என்றேன்.

இருட்டடிப்பு உத்தரவால் உள்விளக்கு எரிவதே இல்லை. அதன் வயரில் ஒரு துண்டை வெட்டி, அறுந்த கம்பியின் இடத்தில் வைத்து முடுக்கினோம். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆள் ஒருவரும் இல்லாத பஸ்ஸைத் திருப்பி, பூந்தமல்லிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "நடந்து வந்திருக்கலாம் இல்ல," என்றாள்.

"அதத்தான் அவரும் சொல்றாரு."

அவள் தண்ணீரை வடித்தாள்.

சில வாரங்களுக்குப் பிறகு அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். அக்கா சாப்பாடு போட்டாள். அதன் பிறகு வாராவாரம் வந்தார். அறுவடை முடிந்த சமயத்தில் பூந்தமல்லியில் ஓர் அறை பார்த்திருப்பதாகச் சொன்னார். அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தன் புடவைகளை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குழந்தையின் துணிகளை என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அவருக்குக் கொஞ்சம் பின்னால் நடந்து போனாள்.