வீட்டில் பேசும் மொழி

அந்த அறையில் என் மகள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாளே, அது என் சொல்லுக்குக் கட்டுப்பட்டா, என்மேல் உள்ள பயத்தினாலா? இன்னும் எனக்குத் தெரியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

2005 ஏப்ரல், ஒரு வியாழக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு மரக்காணத்தில் சென்னைப் பேருந்தில் ஏறினோம், நானும் மூன்றரை வயது ஆஃப்ரினும். திருவான்மியூர்வரை எனக்கு முப்பத்தாறு ரூபாய், அவளுக்கு அரை டிக்கெட். சென்னையில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் எல்.கே.ஜி.க்கு நேர்காணல். இடம் கிடைத்தால் ஜூனில் திருவான்மியூரிலுள்ள நாத்தனார் வீட்டு மாடிக்குக் குடிபோவதாக ஏற்பாடு. என் கணவர் ஷார்ஜாவில் வேலை செய்கிறார். "இங்க இங்கிலீஷ் பேசறவன் ஏசி ரூம்ல இருக்கான், நான் வெயில்ல நிக்கிறேன். எம்பொண்ணு நிக்கக் கூடாது" என்பது அவர் பேச்சு.

ஊரைத் தாண்டியதும் உப்புப் பாத்திகள். வெயில் ஏறுமுன் பெண்கள் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, உப்பு மலை!"

"சால்ட்னு சொல்லு."

"சால்ட்டு மலை!"

ஒரு மாதமாக இதே பயிற்சிதான். பள்ளி கேட்டுக்குள் நுழைந்தால் ஒரு வார்த்தைகூடத் தமிழ் வரக் கூடாது என்று முந்தின நாள் சத்தியம் வாங்கியிருந்தேன். கடப்பாக்கம் தாண்டியதும் அவள் வாந்தி எடுத்தாள். அப்போதும் நான் "வாட்டர்?" என்றுதான் கேட்டேன்.

ஏழே முக்காலுக்குக் கோவளம். அங்கே ஏறிய ஓர் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். திருவான்மியூரில் அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்கிறவர். நான் ஆஃப்ரினிடம் ஆங்கிலத்தில் பேசுவதைக் கேட்டு அவரே பேச்சுக் கொடுத்தார்.

"நான் சேர்ந்தப்போ அந்த பில்டிங்குல ஒரே ஒரு வீட்லதான் இங்கிலீஷு. அப்புறம் கம்ப்யூட்டர் கம்பெனி வந்துச்சு. ஆந்திராக்காரங்க, பெங்காலிங்க, டெல்லிக்காரங்க. புள்ளைங்க கூடி விளையாடணுமே, எல்லாம் இங்கிலீஷ்தான். இப்ப தமிழ் வீட்டுப் புள்ளைங்களும் அதான் பேசுது."

"உங்களுக்குப் புரியுதா?"

"புரியாம? 'நோ பால், ஒன்லி ஹார்லிக்ஸ்'னு நானே சொல்வேன்!"

பேருந்தே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நான் சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தது ஆறு வருடத்துக்கு முன்புதான். அப்போது ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் பெண்கள் நான்கு பேர். சாப்பாட்டு அறையில் தனி மேசையில் உட்கார்வார்கள். நாங்கள் எழுதுவோம், தேர்வில் மதிப்பெண் வாங்குவோம், பேச மாட்டோம். இப்போது ஊரே அந்த மேசைக்கு வந்துவிட்டதா?

எட்டே முக்காலுக்கு இறங்கினோம். பள்ளி வாசலில் இளநீர்க்காரர் "டென் ருபீஸ், மேடம்" என்றார். விண்ணப்பத்தில் "வீட்டில் பேசும் மொழி" என்று ஒரு வரி. பக்கத்திலிருந்த தாயின் தாளை எட்டிப் பார்த்தேன். ஆங்கிலம். நானும் அப்படியே எழுதினேன்.

பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியைக்கு ஐம்பது வயது இருக்கலாம். பெயர், நிறங்கள், பழங்கள் என ஆங்கிலத்தில் கேட்ட எல்லாவற்றுக்கும் ஆஃப்ரின் டக் டக்கென்று சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவர் விண்ணப்பத்தை மூடி வைத்துவிட்டு, "பாப்பா, காலையில என்ன சாப்ட்ட?" என்றார்.

ஆஃப்ரின் என்னைப் பார்த்தாள். உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பஸ்ல வந்தியா, கார்ல வந்தியா?"

அவள் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

"சுத்தமா தமிழ் வராதாம்மா?" என்று என்னிடம் கேட்டார். "முன்னல்லாம் இங்கிலீஷ் வருதான்னுதான் பார்ப்போம். இங்கிலீஷ் பேசற வீட்டுப் புள்ளைங்க ஒரே ஒரு செக்ஷன். இப்ப தலைகீழ். தமிழ் பேசற வீட்டுக்குத்தான் ஒரு செக்ஷன். அதனால ரெண்டையும் கேட்டுப் பார்க்குறோம்."

ஆஃப்ரின் என் துப்பட்டாவை இழுத்து, அறை முழுக்கக் கேட்கும்படி கிசுகிசுத்தாள்: "அம்மா, இப்ப தமிழ் பேசலாமா?"

தலையாட்டினேன். அவ்வளவுதான். இட்லி தின்றது, வாந்தி எடுத்தது, நான் துடைத்துவிட்டது, ஹார்லிக்ஸ் அம்மா, உப்பு மலை என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் எழுதியது பொய் என்று நேராகவே சொன்னேன். சொன்ன பிறகு நிம்மதியாக இருந்தது.

"சீட் உண்டும்மா. எந்த செக்ஷன்ங்கிறதுதான் கேள்வி" என்று புதுத் தாளை நீட்டினார். "தமிழ் செக்ஷன்ல புரியலைன்னா மிஸ் தமிழ்ல சொல்லித் தருவாங்க, இங்கிலீஷ் மெதுவாத்தான் வரும். இன்னொண்ணுல வீட்டுலயும் இங்கிலீஷ்தான் பேசணும்னு கண்டிப்பாச் சொல்வோம். நேத்துவரைக்கும் என்ன பேசினீங்கன்னு எழுத வேணாம். இனிமே பேசப் போறதை எழுதுங்க. மே கடைசிக்குள்ள அனுப்பினா போதும்."

மாலை நான்கு மணிக்குள் மரக்காணம் திரும்பிவிட்டோம். இங்கே கடைத்தெருவில் பேசுவதற்கு இன்றும் ஒரே மொழி போதும். மறுநாள் கணவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "நீ படிச்சவ. நீயே முடிவு பண்ணு" என்றார்.

அவளை ஆங்கிலத்தில் படிக்க வைக்க என்னால் முடியும்; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்டிக்கவும் முடியும். வீடு முழுக்க அந்த மொழியைப் பேசவும் பழகிக்கொள்வேன். ஆனால் அந்தத் தாளை நான் இன்னும் நிரப்பவில்லை. இப்படி வீட்டுக்குள் மொழியை மாற்றிய தாய்மார்கள் வாசகர்களில் இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். பிள்ளையின் மதிப்பெண் எவ்வளவு என்று சொல்ல வேண்டாம். மாற்றிய பிறகு, பிள்ளை உங்களிடம் வந்து சொல்லும் கதைகள் குறைந்தனவா? அதை மட்டும் சொல்லுங்கள்.