கதவை அளக்காத ரயில்பாதை

முல்லைத்தீவுக் கடற்கரையில் ஸ்ரனிஸ்லஸ் கைவைக்காத பைபர் படகு குறைவு. வயிறு கிழிந்து வரும் படகைக்கூட ஒரு கிழமைக்குள் கடலுக்கு அனுப்பிவிடுவார். அவர் ரயிலைக் கண்டதே நாற்பது வயது தாண்டி, போருக்குப் பிறகு பாதை திரும்பப் போடப்பட்டு கிளிநொச்சிக்கு ரயில் வந்தபோதுதான். அன்று பிடித்த பித்து இன்றுவரை இறங்கவில்லை.

நாள்தோறும் படகு வேலை முடிந்த கையோடு, இரண்டு வருடமாக ஒரு மாதிரி ரயில்பாதை செய்தார். ஒன்பதடி நீளம், ஐந்தடி அகலம், ஒரே பலகை. கிளிநொச்சியில் புறப்படும் பாதை வயல், குளம், கோயில் எல்லாம் கடந்து முல்லைத்தீவுக் கடற்கரையைத் தொட்டு வளைந்து திரும்பும். நாட்டில் அப்படியொரு பாதை கிடையாது. அதனால் என்ன, அவருடைய பலகையில் உண்டு. மரம், வீடு, ஸ்ரேசன் எல்லாவற்றையும் படகுக்குப் பூசும் பசையால்தான் ஒட்டினார்.

"இதென்ன கடலுக்கே போகுது, இவ்வளவு பசை பூசுறியள்?" என்று மனைவி மதலேனா சிரித்தார்.

கிளிநொச்சிக் கண்காட்சிக்கு லொறியில் ஏற்றி, கூட வந்த நாலு கடற்தொழிலாளரும் மண்டப வாசலில் இறக்கிய பிறகுதான் விஷயம் விளங்கியது. கதவின் அகலம் மூன்றரை அடி. படகு கட்டுகிறவன் என்றைக்குக் கதவை அளந்தான்? அவருடைய கொட்டிலுக்குச் சுவரே இல்லை. கட்டி முடித்தால் மணலில் தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான்.

கண்காட்சிக்குப் பொறுப்பான பிரஷாந்தினி ரீச்சர் கையைப் பிசைந்தார். "பத்து மணிக்குத் திறக்கிறம் அண்ணை. ரெண்டா அறுங்கோ, இல்லாட்டி வெளியிலை வையுங்கோ."

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வெளியே வைத்தால் மழையில் மின்சாரம் கொடுக்க முடியாது. அறுத்தால் தண்டவாளம் பிறகு நேராகச் சேராது. இரண்டு வருட உழைப்பு வாசற்படியில் கிடந்தது. ஸ்ரனிஸ்லசுக்கு அவமானமாக இருந்தது.

கதவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார்.

"சரிச்சுப் பிடியுங்கோடா. படகு எண்டு நினையுங்கோ."

"ஐயோ அண்ணை, மரமெல்லாம் கொட்டுண்டிடும்" என்றார் ரீச்சர்.

"ஒரு மரம் விழுந்தாலும் நான் படகு கட்டுறதை விட்டிடுறன், ரீச்சர்."

நால்வரும் அம்பா பாடினார்கள். படகு இழுக்கும்போது பாடும் அந்தப் பாட்டு மண்டபத்துக்குள் எதிரொலித்தது. வயலும் குளமும் செங்குத்தாக எழுந்து நின்றன. கோயில் கோபுரம் கதவு நிலையோடு முட்டுவதற்கு ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. பாட்டின் மூன்றாம் அடியில் பலகை உள்ளே போய்விட்டது. ரீச்சர் குனிந்து நிலத்தைத் தேடினார். ஒரு வேலிக்கட்டைகூட விழவில்லை.

ஒட்டாமல் இருந்தது ரயில் மட்டுந்தான். அதை லொறியில் வழிநெடுக மடியில் வைத்திருந்த மதலேனா, சுற்றியிருந்த துவாயை அவிழ்த்து எடுத்து வைத்தார். ஸ்ரனிஸ்லஸ் சுவிச்சைப் போட்டார். ரயில் ஒரு தரம் தயங்கிவிட்டு ஓடத் தொடங்கியது.

பத்து மணிக்குக் கதவு திறந்ததும் சனம் அதைச் சுற்றித்தான் நின்றது. முல்லைத்தீவுக்குப் பக்கத்து முள்ளியவளையிலிருந்து வந்த ஒரு பெண் 'முல்லைத்தீவு' என்ற ஸ்ரேசன் பலகையை இரண்டு தரம் வாசித்தார்.

"அண்ணை, இந்தக் கோச்சிக்கு ரிக்கெட் எங்கை எடுக்கிறது?"

ஸ்ரனிஸ்லசுக்குக் கண் கலங்கிவிட்டது. மதலேனாதான் மறுமொழி சொன்னார்.

"ரிக்கெட் வேண்டாம், ஏறுங்கோ அக்கா. கவிண்டாலும் ஒருத்தரும் விழமாட்டினம்."