சக்கரம் மூடிய வண்டி

என் அண்ணன் பதினாறு வருடம் டிப்பர் ஓட்டியவன். அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கும் வண்டி. நாலு வருடத்துக்கு முன் ஒரு காலையில், ஊருக்கு வெளியே ஒரு வளைவில், ஸ்கூட்டியில் வந்த பெண் ஒருவர் சாலையோரத் தூசியில் சறுக்கி அவனுடைய பின்சக்கரத்தில் விழுந்தார். உயிர் அங்கேயே போய்விட்டது. தனக்கு எதுவுமே தெரியவில்லை என்றும், பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் நிறுத்தியதாகவும் அண்ணன் போலீஸில் சொன்னான், கோர்ட்டில் சொன்னான், அண்ணியிடமும் சொன்னான். கோர்ட்டு விட்டுவிட்டது. லைசென்ஸும் கைக்கு வந்தது. அதன்பிறகு அவன் ஒரு சைக்கிளைக்கூடத் தொடவில்லை.

இந்த வருடம் லாரி முதலாளி ஆள் அனுப்பினார், அடுத்த மாதத்திலிருந்து வண்டி எடுக்கச் சொல்லி. அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டார். "எப்படியாச்சும் அவர ஒரு ஸ்டீரிங்கப் புடிக்க வச்சிருங்க தம்பி. இப்படியே உக்காந்திருந்தா ஆளு மக்கிப் போயிடுவாரு" என்றார். எனக்கும் அவன்மேல் கடுப்புதான். சட்டமே விட்ட பிறகு இவன் எதற்குத் தன்னைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறான் என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். ஊரில் எல்லாருக்கும் புத்தி சொல்லும் வாய் எனக்கு.

பெரம்பலூரில் நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்த ரிமோட் ரேஸ் காரை ரிப்பேருக்குக் கொடுத்தார். பிறகு லீவு முடிந்து போகிற அவசரத்தில் என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அந்த மாதிரி காருக்கு பக்கி என்று பெயர். பெயரைக் கேட்டு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எங்கள் ஊரில் அது அம்மாக்கள் பிள்ளைகளைத் திட்டும் சொல். அதெல்லாம் விபத்துக்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமைகளில் வறண்ட ஏரிக்குள் அதை ஓட்டுவோம். சக்கரம் நாலும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கருவேலங்குச்சி எதிலாவது மாட்டினால் முன்பக்கம் முறிந்துவிடும். அப்படி முறிந்ததுதான் நாலு வருடமாகப் பரணில் கிடந்தது.

அதை இறக்கித் துடைத்தேன். இணையத்தில் தேடியபோது, பக்கியையே ஷார்ட் கோர்ஸ் ட்ரக் என்ற வேறொரு வண்டியாக மாற்றலாம் என்று தெரிந்தது. மண் பாதையில் ஓடும் பந்தய பிக்அப் அது. தடித்த டயர், முன்னும் பின்னும் பம்பர், மேலே அகலமான பாடி. ரிமோட்டில் ஆரம்பித்தால் நிஜ ஸ்டீரிங்குக்கு வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். அவனிடம் போய், "அண்ணே, பக்கிய லாரியா மாத்தப் போறோம்" என்றேன். லாரி என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டான். என் வாயில் கொள்ளி வைக்க வேண்டும். பின்னாலேயே போய் செல்போனில் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். பிறகு, "இதுல சக்கரம் உள்ள மூடியிருக்கே" என்றான். அதோடு சரி, வேலைக்கு உட்கார்ந்துவிட்டான்.

சாமான்கள் வந்துசேர இரண்டு வாரம் ஆனது. பழைய மூக்கைக் கழற்றி பம்பர் மாட்டினோம். புது டயர் பெரியது, மோட்டார் திணறும் என்பதால் மோட்டாரின் பல்சக்கரத்தைச் சின்னதாக மாற்றினேன். பாடி கண்ணாடிபோலத் தெளிவான பிளாஸ்டிக். பெயிண்டை உள்பக்கம்தான் அடிக்க வேண்டும், வெளியே அடித்தால் முதல் உரசலிலேயே உரிந்துவிடும். என்ன நிறம் என்றேன். ஆரஞ்சு வேண்டாம் என்று மட்டும் சொன்னான். அவன் ஓட்டிய டிப்பர் ஆரஞ்சு. வெள்ளை அடித்தோம்.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று வரும். பந்தயத்தில் பக்கத்து வண்டி உள்ளே நுழையாமல் இருக்க. அதை இரண்டு திருகில் மாட்டிவிடலாம். அண்ணன் ஒரு முழு நாள் அதிலேயே இருந்தான். கம்பியை வளைத்து இன்னொரு வரிசை கட்டினான். இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தான், மறுபடி இறுக்கினான். பொம்மைக்கு எதற்கு இவ்வளவு என்று எரிச்சலில் கேட்டேவிட்டேன். அவன் இன்னொரு கம்பியை எடுத்து வளைத்தான். நிஜ டிப்பர்களில் அந்த இடத்துத் தடுப்பு உடைந்து தொங்கிக்கொண்டிருப்பதை அந்தச் சாலையில் தினமும் பார்க்கிறவன் நான். அந்த நேரம் அது புத்தியில் ஏறவில்லை.

முதலாளி சொன்ன தேதிக்கு முந்தின ஞாயிறு காலை ஏரிக்குப் போனோம். அண்ணன் ரிமோட்டைக் கையில் வாங்கிக்கொண்டான். அதன் பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்டீரிங் இருக்கும், விரலால் இழுக்கும் விசைதான் ஆக்சிலேட்டர். நாலு வருடத்தில் முதல் தடவையாக அவன் விரல் ஒரு ஸ்டீரிங்கைத் தொட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. புது வண்டி எதுவானாலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சட்டைப்பையில் கொண்டுபோயிருந்த இரண்டு பழத்தை முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்தேன். கும்பிட்டுவிட்டு, எடு அண்ணே என்றேன்.

நிஜ லாரியில் பழம் நசுங்கும், உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. இதுவோ இரண்டரைக் கிலோ வண்டி. முன்சக்கரம் ஒரு பழத்தை ஒதுக்கித் தள்ளியது. இன்னொன்று உருண்டு தடுப்புக்கு அடியில் புகுந்து பின்சக்கரத்தில் மாட்டியது. வண்டி ஒரு பக்கம் தூக்கியது, கொஞ்சம் நின்றது, பிறகு ஏறி இறங்கியது.

அண்ணன் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டான். வண்டி நின்றது. அவன் அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கும் இப்படித்தான்டா ஏறி எறங்குச்சு" என்றான். "தெரிஞ்சுச்சு. கல்லுன்னு நெனச்சேன். நின்னுச்சுல்ல, அப்ப ஆக்சிலேட்டர மிதிச்சேன்."

ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கரையேறி வீட்டுப் பக்கம் நடந்தான். பயமாக இருந்தது, அவனை நினைத்தும், இதை அவன் வாயிலிருந்து பிடுங்கியது நான்தான் என்பதை நினைத்தும். முதலாளிக்கு அங்கிருந்தே போன் போட்டு, அண்ணன் வரமாட்டான், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அண்ணி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. நான்தான் அவன் மனதைக் கெடுத்துவிட்டேன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார், நினைக்கட்டும்.