ரேடியேட்டர் வலையில் ஒட்டியது

கல் தெறித்து ரேடியேட்டர் ஓட்டையாகிவிடக் கூடாதென்று, என் பைக்குக்கு ஒரு கம்பி வலை வாங்கி நானே ஸ்பேனர் பிடித்து மாட்டினேன். மாம்பழ சீசன். கிருஷ்ணகிரி சாலையில் முன்னால் போன மாங்கூழ் கம்பெனி டிராக்டரிலிருந்து ஒழுகிய கழிவு வலை முழுக்க அப்பி, குருபரப்பள்ளியில் இன்ஜின் கொதித்து நின்றது. வெந்த அழுகல் நாற்றம், நடுவே புழு. குமட்டிவிட்டது.

இளநீர் விற்ற பெண் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, முகம் சுளிக்காமல் ஈர்க்குச்சியால் சுரண்டினார்.

“கழுவ மட்டுந்தாண்ணா, குடிச்சிறாதீங்க. அந்தக் கம்பெனிக் கழிவால எங்க கெணறே இப்படித்தான் நாறுது. நீங்க எங்க வேல பாக்குறீங்க?”

அந்தக் கம்பெனியில்தான் நான் சூப்பர்வைசர். சட்டையில் இருந்த கம்பெனி பெயர் தெரியாதபடி ஜெர்கின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தேன்.

“ஓசூர்லக்கா, பைக் கம்பெனில.”

வலை அன்றே சுத்தமாகிவிட்டது. அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.